புதுப்பிப்பு: பிடிஎஃப்ல தமிழ் வார்த்தை தேடினா கிடைக்கல – சரியாயிடுச்சு

டாக்குமெண்ட் பார்க்க அழகா இருக்கு, ஆனா பிடிஎஃப் ஆக்கினதும் தேடினா ஒண்ணும் வரலன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "அதுல ஒரு வார்த்தைய காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க"ன்னு சொன்னவங்கதான் சரியா பிடிச்சாங்க. ஒட்டினா "தமிழ்"ங்கிற இடத்துல இங்கிலீஷ் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன்! பழைய ஃபைல் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணது, ஃபைலுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் அதுக்கு தமிழ் உருவம் குடுக்குது, அப்புறம் தேடல் எப்படி வேலை செய்யும்.

யூனிகோட் (தமிழ் எழுத்துக்குன்னே தனி குறியீடு இருக்கிற முறை) கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தி, லிபர்ஆபிஸ்ங்கிற இலவச ஆபிஸ் மென்பொருள்ல நோட்டோ செரிஃப் தமிழ் ஃபான்ட் வச்சு, பிடிஎஃப்/ஏவா (ரொம்ப நாள் பாதுகாத்து வைக்கிறதுக்கான பிடிஎஃப் வகை) எக்ஸ்போர்ட் பண்ணேன், அதுல ஃபான்ட் கட்டாயம் உள்ளயே சேர்ந்துடும். இப்போ தேடல் அருமையா வேலை செய்யுது.

எதிர்பாராதது ரெண்டு. நடுவுல இருந்த இங்கிலீஷ் வார்த்தையையும் கன்வெர்ட்டர் தமிழாக்கி குதறிடுச்சு, அதெல்லாம் கையாலதான் திருத்தணும். அப்புறம் லிபர்ஆபிஸ் ஸ்டைல்ல தமிழுக்கான ஃபான்ட் தனி இடத்துல இருக்கு, சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) ஃபான்ட்னு, மேல இருக்கிற வெஸ்டர்ன் ஃபான்ட்ட மட்டும் மாத்தினா தமிழ் எழுத்து அசையவே அசையாது.