பழைய மேசைக்கணினியில் லினக்ஸ்: வைஃபை அடாப்டரும் பிரிண்டரும் எதைப் பார்த்து வாங்குவது?

திருநகர்வாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலியும் 8 ஜிபி ராமும் கொண்ட மேசைக்கணினி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை, சிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தபோது, புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வராததால், விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம் என்று எண்ணுகிறேன்.

மகளுக்குக் கல்லூரிப் பாடத்துக்காகப் பைத்தான் வேண்டும். எனக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கடிதங்களும் வரவு செலவும். கடிதங்களெல்லாம் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ரவுட்டர் மாடியில் இருப்பதால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும். பிரிண்டரையும் மாற்றும் எண்ணம் உண்டு. லினக்ஸுக்கு ஒத்துப்போகுமா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே அறிய வழி இருக்கிறதா?

மேலூர்க் கண்மாய்:

ஐயா, முதலில் எதையும் வாங்காமல், மின்ட் கோப்பைத் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வன்தட்டில் நீங்களாக நிறுவச் சொல்லும்வரை அது எதையும் மாற்றாது. திரை, ஒலி, யூஎஸ்பி முனைகள், கேமரா எல்லாவற்றையும் அந்நிலையிலேயே சோதித்துவிடலாம். இன்டெல் செயலியோடு வரும் கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால், அதற்கென்று நீங்கள் எதுவும் செய்ய வேண்டியிராது. அதுவரை இணையத்துக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கினால் போதும். பெரும்பாலான போன்கள் தாம் பிடித்திருக்கும் வைஃபையையே கணினிக்குக் கடத்தித் தரும்.

வைஃபை அடாப்டரில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் உங்களுக்கு எதையும் சொல்லாது, ஏனென்றால் ஒரே மாடல் எண்ணை வைத்துக்கொண்டே உள்ளே இருக்கும் சில்லை மாற்றி, அடியில் சிறிய எழுத்தில் பதிப்பு 2, பதிப்பு 3 என்று குறித்து விற்கும் வழக்கம் உண்டு. கேட்க வேண்டியது சில்லின் பெயரை. மீடியாடெக்கின் எம்டி7612யூ என்ற சில்லுக்கான டிரைவர் 2018 முதல் கெர்னலிலேயே இருக்கிறது; ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சியூ கெர்னல் 6.2-இல் சேர்ந்தது. மின்ட் 22 வெளிவந்தபோதே கெர்னல் 6.8 என்பதால் இரண்டுமே உங்களுக்கு ஒத்துவரும். மென்பொருள் மட்டுமன்றிச் சில்லுக்குள் ஓடும் ஃபார்ம்வேரும் கட்டற்றதாக, அதாவது யாரும் பார்த்து மாற்றத்தக்கதாக, இருக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர்கள் அதீராஸ் ஏஆர்9271-ஐத் தேடுவார்கள். ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் பழைய சரக்கு, மாடியிலிருந்து வரும் சிக்னலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைக்காரரிடம் சில்லின் பெயரைக் கேட்டால் அவர் விழிப்பார், அது அவர் குற்றமுமில்லை. தெரிந்தவர் வீட்டு அடாப்டரை இரவல் வாங்கிச் செருகி, டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து அடித்தால், தயாரிப்பாளரைக் காட்டும் நான்கு இலக்கமும் பொருளைக் காட்டும் நான்கு இலக்கமும் தெரியும்; அவ்விரண்டையும் இணையத்தில் தேடினால் சில்லின் பெயர் கிடைக்கும். சில அடாப்டர்கள் செருகியவுடன் விண்டோஸ் டிரைவர் அடங்கிய குறுந்தட்டாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். அவற்றை வைஃபை நிலைக்குத் திருப்ப யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற தனி மென்பொருள் பொதி தேவைப்படலாம்.

சிம்மக்கல் அச்சுக்கோப்பு:

பிரிண்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்ற குறி இருந்தால் தயங்காமல் வாங்கலாம், ஏனெனில் அவை பொதுவான அச்சு நெறிமுறையைப் பின்பற்றுவதால் லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்பு தனி டிரைவர் இல்லாமலே அவற்றோடு பேசும். மின்ட் 21 முதல் இதுவே இயல்பான வழி. எச்பியின் எச்பிலிப்பும் எப்சனின் எஸ்கேப்-ஆர் டிரைவரும் அந்தந்த நிறுவனங்களே கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டவை என்றாலும், எச்பியின் சில மாடல்களுக்குக் கூடுதலாக ஒரு மூடிய பிளக்-இன் கேட்கும்.

மலிவாகக் கிடைக்கிறது, டோனரை எளிதாக நிரப்பலாம் என்று செகண்ட் ஹேண்டில் பழைய சிறு லேசர் பிரிண்டரை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல, பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியிலுள்ள டிரைவரின் தலையில் கட்டுபவை. அந்த டிரைவரை நிறுவனம் புதுப்பிக்காவிட்டால் அத்தோடு சரி. லினக்ஸுக்கு ஒத்துவரும் பிரிண்டர்களைப் பட்டியலிடும் ஓபன்பிரிண்டிங் தளத்தில் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

ஒத்தக்கடைத் தட்டச்சு:

பாமினிக் கோப்புகளுக்கு அஞ்ச வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். பாமினி, இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடு அல்ல. கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம், எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவிவிட்டால் லிப்ரே ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் பழைய கடிதங்கள் திறந்து அச்சாகும். யூனிகோடுக்கு மாற்றும்போதுதான் கவனம் தேவை: கடிதத்தின் நடுவே வேறு எழுத்துருவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் மாற்றும் மென்பொருள் தமிழ் என்று எண்ணிக் குதறிவிடும். மூலக்கோப்புகளின் நகலை வெளித்தட்டில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் கடிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

புதிதாக அடிக்க ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு இயந்திர வரிசை ஆகிய மூன்று விசைப்பலகை முறைகளும் கிடைக்கும். பாமினியில் பழகிய விரல்களுக்கு மூன்றாவதே கைகொடுக்கும். மகளுக்குத் தமிழ்99-ஐப் பழக்கிவிடுங்கள்.

மேலூர்க் கண்மாய்:

விட்டுப்போன ஒன்று. சங்கக் கணக்கை டாலியில் வைத்திருக்கிறீர்களா? அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் வைன் வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு என்றாலும் பொதுப்பணக் கணக்கை அதை நம்பி வைக்க நான் துணிய மாட்டேன். சிறிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் மின்ட்டை நிறுவி, விண்டோஸ் தட்டை அப்படியே விட்டுவிடலாம். நிறுவும்போது அந்தத் தட்டின் கம்பியைக் கழற்றிவிட்டால் கைதவறி அழிந்துவிடும் என்ற பயமும் இராது.

திருநகர்வாசி:

அனைவருக்கும் நன்றி. பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்ததில் திரையும் ஒலியும் உடனே வந்துவிட்டன, போன் வழியாக இணையமும் கிடைத்தது. பக்கத்து வீட்டு அடாப்டரைச் செருகியபோது ரியல்டெக் 8821சியூ என்று காட்டி, எங்கள் ரவுட்டரின் பெயரையும் பட்டியலிட்டது. அதே பதிப்பு எண் உள்ளதையே வாங்கப்போகிறேன். கணக்கு டாலியில்தான் இருக்கிறது. ஆகவே தணிக்கை முடியும்வரை விண்டோஸ் தட்டு இணையத் தொடர்பில்லாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மின்ட் எஸ்எஸ்டிக்குப் போகிறது. ஏர்பிரிண்ட் உள்ள இங்க் டேங்க் பிரிண்டர்களில் ஸ்கேனரும் டிரைவர் இல்லாமல் இயங்குமா என்பதை மட்டும் அச்சுக்கோப்பு ஐயா தெளிவுபடுத்த வேண்டும்.

சிம்மக்கல் அச்சுக்கோப்பு:

பெரும்பாலானவற்றில் இயங்கும். சேன்-ஏர்ஸ்கேன் என்ற பொதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்; யூஎஸ்பி கம்பியில் இணைப்பதாக இருந்தால் ஐபிபி-யூஎஸ்பி என்ற பொதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.