ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்கலாமா?

நாசரேத்_டீச்சர்:
என் ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குத் தொடங்கும். இட்லி ஊற்றி, கறிக்கு மசாலா அரைத்து, பிள்ளைகளின் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு எட்டரை ஆராதனைக்கு ஓடுவேன். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது குக்கரை அணைத்தோமா என்ற நினைப்பு வரும். திரும்பி வந்தால் சோறு, ரசம், அப்பளம், கூடவே விருந்தாளிகள். பாத்திரம் கழுவி நிமிரும்போது மணி மூன்றரை. வாரத்தில் என் இடுப்பு அதிகம் வலிக்கிற நாள் ஓய்வுநாள்தான்.

யாத்திராகமம் 35:3-ல் ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டக்கூடாது என்று இருக்கிறது. சிறுவயதிலிருந்து வாசிக்கிறேன். வீட்டில் நெருப்பு மூட்டுவது யார் என்று ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து காலத்தில்தான் (தவக்காலம்) யோசித்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை. சனி சாயங்காலமே புளிச்சோறும் துவையலும் தயார். வீட்டில் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. நான் செய்வது சரியா?

இரட்சண்யதாசன்:
சகோதரி, வருத்தப்படாதீர்கள். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். ஓய்வுநாளில் வேலை செய்கிறவனைக் கொல்ல வேண்டும் என்கிறது. அதையும் எடுத்துக்கொள்வீர்களா? ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று கொலோசெயர் 2:16-ல் பவுல் எழுதிவிட்டார். இன்னொன்று, பேதுருவின் மாமி காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்தாள். அன்று ஓய்வுநாள். ஆண்டவர் தடுக்கவில்லை. வந்தவர்களுக்குச் சூடாகச் சோறு போடுவது அன்பு. அதை வேலை என்று கணக்குப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாசரேத்_டீச்சர்:
அண்ணன், அந்தத் தண்டனையை யாரும் கேட்கவில்லை. உபாகமம் 5-ல் கட்டளைக்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும். நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், நிறைவேறிவிட்டது என்றால் சரி. அந்தக் காரணமும் தீர்ந்துவிட்டதா?

பேதுருவின் மாமியைப் பற்றி: அந்த வீட்டில் ஓய்வுநாள் சாப்பாடு முந்தின நாளே ஆக்கி வைத்ததாகத்தான் இருக்கும். எடுத்து வைப்பது வேறு, வெந்து நிற்பது வேறு. ஆண்டவர் முதலில் அவள் காய்ச்சலைத்தான் பார்த்தார். நம் வீடுகளில் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பிரகாசபுரத்தான்:
டீச்சர் நம் பக்கத்து ஊர் என்பதால் சொல்கிறேன். ஓய்வுநாள் எது, சனியா ஞாயிறா என்ற கேள்வி நம் மண்ணில் பழையது. 1857-ல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்த சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்துக் கிறிஸ்தவ சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரித்தது.

கடலோடி:
எந்தக் கிழமை என்பது இருக்கட்டும். நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கத்தோலிக்கன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம். அது ஊர்க்கட்டுப்பாடு. சாளை மீன் கரையோரம் திரண்டு கிடக்கும். வள்ளங்கள் மணலில் ஏறி நிற்கும். கண்ணால் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பது லேசு இல்லை. ஒரு வள்ளம் இறங்கிவிட்டால் மற்றவனும் இறங்கித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை கடன்காரனுக்கு எல்லாரும்தானே பதில் சொல்ல வேண்டும்? எல்லாரும் கரையில் இருந்தால்தான் ஒருவனால் கரையில் இருக்க முடியும். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு நடுக்கடலில்தான் விடியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

டீச்சர், ஒரு வீட்டில் மட்டும் அடுப்பை அணைத்தால் சண்டைதான் வரும். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசுங்கள். தெருவோடு அணையுங்கள்.

திண்ணைக்காரர்:
கடலோடி சொல்வது உண்மை. ஞாயிறு விடுமுறை மும்பை மில் தொழிலாளர்களுக்கு 1890 ஜூன் 10-ல்தான் கிடைத்தது. நாராயண் மேகாஜி லோகண்டே ஆட்களைத் திரட்டிப் போராடி வாங்கித் தந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல.

வார்டு_செவிலி:
அக்கா, நீங்கள் எழுதியதை ராத்திரி டூட்டியில் வாசித்தேன். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். என் ஆஃப் ஒரு வாரம் செவ்வாய், மறுவாரம் வியாழன். ஞாயிறு ஆராதனைக்குப் போய் மாதக்கணக்காகிறது. ஞாயிறு மத்தியானம் வார்டு ஜன்னலில் நின்றால் எதிரே பிரியாணிக் கடை தெரியும். கையில் வேதாகமத்தோடு குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நிற்பார்கள். இலை எடுக்கிற பையனுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். ஓடிக்கொண்டே இருப்பான். "உன் வேலைக்காரனும்" என்பதில் அவன் வருவானா, மாட்டானா?

இரட்சண்யதாசன்:
மகளே, ஆஸ்பத்திரி வேலை இரக்கத்தின் வேலை. ஓய்வுநாளிலும் அது நடக்கலாம் என்பதை ஆண்டவரே செய்து காட்டினார். நீ கலங்காதே.

வார்டு_செவிலி:
ஐயா, ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்பதைப் பற்றி எனக்குக் கலக்கம் இல்லை. ஆஃப் நாளில் துணி துவைத்து, ரேஷன் வாங்கி, மாமியாரை டாக்டரிடம் காட்டி, மறுநாள் காலை அதே களைப்போடு போகிறேனே, அதைத்தான் சொல்கிறேன். இரக்கத்தின் வேலை செய்கிறவளுக்கும் கால் வலிக்கும்.

நாசரேத்_டீச்சர்:
தங்கச்சி, நீ கேட்டது என்னை நன்றாகத் தைத்துவிட்டது. இரண்டாம் வாரம் புளிச்சோறு போதவில்லை என்று நான்தான் கடையிலிருந்து பரோட்டா வாங்கி வரச் சொன்னேன். என் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொருவர் கல்லைச் சூடேற்றியிருக்கிறேன். இனி அதுவும் வேண்டாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்துவைக்கச் சொன்னது இதற்குத்தான் போல. சனிக்கிழமை இன்னும் அரைப்படி அரிசி கூடப் போடுகிறேன்.

இரட்சண்யதாசன்:
சட்டமாக்காதீர்கள் என்பதில் நான் மாறவில்லை. இனியும் மாற மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ச் சனிக்கிழமைக்குப் புளி இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவளிடம் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

வார்டு_செவிலி:
இந்த வாரம் எனக்கு வியாழக்கிழமை ஆஃப். யூனிஃபார்மை புதன் ராத்திரியே துவைத்துப் போட்டுவிடுகிறேன். மாமியாரைக் காட்டுவதை வெள்ளிக்கு மாற்ற வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். அவரே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் அக்கா, அந்தப் புளிச்சோற்றுக்கு வேர்க்கடலையை வறுத்துப் போடுவீர்களா, அப்படியே போடுவீர்களா?