இரவில் அணைக்கப்படும் சர்வரில் தானியங்கி ஸ்னாப்ஷாட்டை எப்படி அமைப்பது?

மண்ணடி_சர்வர்:
வணக்கம். தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் ஸ்கேன்கள் எல்லாம் டெபியன் 12 லினக்ஸ் சர்வரில், பி.டி.ஆர்.எஃப்.எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்ட ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. ஊழியர்களின் விண்டோஸ் கணினிகள் சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியாக அவற்றைத் திறக்கின்றன. எனக்கு முன்பு இருந்தவர் நள்ளிரவு 12 மணிக்கு ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்தக் கணத்தில் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். ஆனால் முதலாளி அலுவலகத்தைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவதால் அந்த வரி ஒருநாளும் ஓடியதில்லை. அவ்வப்போது கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் மட்டும் இருக்கின்றன. டிஸ்க் நிரம்பியதால் பழைய ஸ்கேன்கள் பலவற்றை அழித்தோம். இடம் சிறிதும் திரும்பவில்லை. இதை எப்படிச் சீராக்குவது? ஸ்னாப்ஷாட் இருக்கும்போது தனி பேக்கப் எதற்கு என்றும் முதலாளி கேட்கிறார்.

கொருக்குப்பேட்டை_லினக்ஸ்:
க்ரான் குறித்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். அதற்குப் பதிலாக லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைமரில் நாள்காட்டி நேரத்தோடு "பெர்சிஸ்டென்ட்" என்பதை ட்ரூ என்று வைத்தால், தவறிய வேலை அடுத்த முறை மெஷின் ஏறியவுடன் நடக்கும். ஆனால் நீங்கள் டைமரைச் சொந்தமாக எழுத வேண்டிய தேவையே இல்லை. ஸ்னாப்ஷாட்டுகளை நிர்வகிக்கும் ஸ்னாப்பர் கருவியை நிறுவி, ஸ்கேன்கள் உள்ள சப்வால்யூமுக்கு (பி.டி.ஆர்.எஃப்.எஸ் டிஸ்க்குக்குள் தனியே ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பகுதி) ஒரு கான்ஃபிக் உருவாக்கினால் போதும். அதன் டைம்லைன் டைமர் மணிக்கொருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கும், கிளீனப் டைமர் மெஷின் ஏறிய 10 நிமிடத்தில் ஒருமுறையும் பிறகு நாளுக்கொருமுறையும் ஓடிப் பழையவற்றைக் கழிக்கும். தினமும் அணைத்து ஏற்றும் உங்கள் அலுவலகத்துக்கு இது தானாகவே பொருந்திவிடுகிறது. இரண்டு டைமர்களும் உண்மையில் இயங்குகின்றனவா என்பதை "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எத்தனை ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும். ஸ்னாப்பரின் இயல்பு அமைப்பில் மணிக்கணக்கில் 10, நாள்கணக்கில் 10, மாதக்கணக்கில் 10, ஆண்டுக்கணக்கில் 10 என்று இருக்கும். ஆண்டுக்கணக்கை 0 ஆக்குங்கள். இல்லையென்றால் இன்று அழிக்கும் ஸ்கேன் பல ஆண்டுகளுக்கு டிஸ்க்கை விட்டு நகராது. உங்களுக்கு இடம் திரும்பாததற்கும் இதுவே காரணம்: ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் அது எதையும் நகலெடுப்பதில்லை, டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பிளாக்குகளையே (தரவுத் துண்டுகளையே) பகிர்ந்துகொள்கிறது, ஃபைலை அழித்தாலும் ஏதாவது ஒரு ஸ்னாப்ஷாட் அந்தப் பிளாக்குகளைச் சுட்டிக்கொண்டிருக்கும் வரை அவை விடுபடா. கையால் எடுத்தவை ஸ்னாப்பரின் கணக்கில் வராது என்பதால் அவற்றை நீங்களே "சப்வால்யூம் டிலீட்" கொண்டு நீக்க வேண்டும். நீக்கிய உடனே டி.எஃப் கட்டளை காட்டும் காலியிட எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பின்னணியில் துப்புரவு முடியச் சற்று நேரமாகும்.

ஸ்கேன்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் வேறொரு சப்வால்யூம் இருந்தால் அது வெளி ஸ்னாப்ஷாட்டில் சேராது, அங்கே காலி ஃபோல்டர்தான் தெரியும். அதையும் ஒருமுறை சரிபாருங்கள். மெயினை அணைக்கும் முன் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யும்படி முதலாளியிடம் எப்படியாவது சொல்லிப் புரிய வையுங்கள்.

வியாசர்பாடி_அட்மின்:
மேலே சொன்னது எல்லாம் சரி. முதலாளியின் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஸ்னாப்ஷாட்டும் மூல ஃபைலும் ஒரே டிஸ்க்கில், பெரும்பாலும் ஒரே பிளாக்கில் இருக்கின்றன. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கத்தில் தரைத்தளத்தில் வைத்திருந்த சிபியுக்கள் நீரில் நின்றதை அவரிடம் சொல்லுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

பி.டி.ஆர்.எஃப்.எஸ் போட்ட வெளி டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை யாராவது ஒருவர் வீட்டு மாடியிலும் வைத்து, வாரந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். "சென்ட்", "ரிசீவ்" கட்டளைகள் ஸ்னாப்ஷாட்டை அப்படியே அடுத்த டிஸ்க்குக்குக் கொண்டுபோகும். முதல்முறை முழுவதும் போகும், அடுத்த முறையிலிருந்து முந்தைய ஸ்னாப்ஷாட்டைப் பேரண்டாக (ஒப்பிடும் அடிப்படையாக) சுட்டினால் மாறியவை மட்டும் போகும். அந்தப் பேரண்ட் இரு பக்கமும் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஸ்னாப்பரின் கிளீனப் அதைச் சர்வரிலிருந்து கழித்துவிட்டால், மீண்டும் முழுவதையும் அனுப்ப நேரிடும். இரண்டு டிஸ்க் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேரண்டைக் காக்க வேண்டும். எனவே அனுப்பும் ஸ்னாப்ஷாட்டுகளை டைம்லைனில் சேர்க்காமல், கிளீனப் அல்காரிதம் எதுவும் குறிப்பிடாமல் தனியே எடுங்கள். அல்லது இந்தக் கணக்கையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் பி.டி.ஆர்.பி.கே கருவியிடம் விட்டுவிடுங்கள். என் வாக்கு இரண்டாவதற்கே. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் இறக்குமதி ஆவணங்களும் வெளியே போவதால் டிஸ்க்குகளை லக்ஸ் முறையில் என்கிரிப்ட் செய்யாமல் எடுத்துச் செல்ல வேண்டாம்.

இன்னொன்று: கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அழித்த பழைய ஸ்கேன்கள் அந்தக் காலத்துக்குள் வருபவையா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கைவசம் உள்ள ஸ்னாப்ஷாட்டுகளை நீக்குங்கள்.

மண்ணடி_சர்வர்:
மிக்க நன்றி. கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் நீக்கும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதே சர்வரில் பில்லிங்குக்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஓடுகிறது, அதை நிறுத்தாமல் ஸ்னாப்ஷாட் எடுக்கலாமா? தவறி அழித்த ஃபைலை ஊழியர்களே மீட்டுக்கொள்ள வழியிருக்கிறதா?

கொருக்குப்பேட்டை_லினக்ஸ்:
டேட்டாவும் அதன் டபிள்யூ.ஏ.எல் பதிவும் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) ஒரே சப்வால்யூமில் இருந்தால் எடுக்கலாம். மீட்கும்போது கரண்ட் போய் வந்ததைப் போலத்தான் போஸ்ட்கிரெஸ் அதைப் பார்க்கும், பதிவை ஓட்டித் தானே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் நாளுக்கொரு முறை பி.ஜி.டம்ப் கொண்டு டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எடுத்து அந்த ஃபைலையும் வெளி டிஸ்க்குக்கு அனுப்புங்கள்.

ஊழியர்களுக்குச் சாம்பாவின் "ஸ்னாப்பர்" வி.எஃப்.எஸ் மாட்யூல் (சாம்பாவோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) உதவும். ஸ்னாப்பர் கான்ஃபிகில் அவர்களுடைய குரூப்பை "அலவ் குரூப்ஸ்" வரியில் சேர்த்து, "சிங்க் ஏ.சி.எல்" என்பதை எஸ் ஆக்கினால், விண்டோஸில் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" பகுதியில் பழைய பிரதியை அவர்களே எடுத்துக்கொள்ளலாம். ஃபோல்டரோடு அழித்திருந்தால் அதற்கு மேலுள்ள ஃபோல்டரில் தேட வேண்டும்.