புதுமைக்கு மட்டும்தான் பணமா? தீவுப் பண்ணைகளும் ஒரு அமெரிக்க மானியமும்

கணக்குப்பிள்ளை:
காப்பித் திரியில் ஒருவர், "அமெரிக்காவில் தீவு விவசாயி புதிதாக ஏதாவது செய்து பார்த்தால் அதற்கும் மானியம் உண்டு" என்று சிலாகித்திருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் தனித் திரி.

விஷயம் இதுதான். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் என்ஆர்சிஎஸ் என்ற இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இருக்கிறது. 2002 பண்ணைச் சட்டத்தில் அதன் கையில் பாதுகாப்புப் புதுமை மானியம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள்; மண்ணையும் நீரையும் காக்கும் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கத் தருகிற பணம் அது. ஹவாய், குவாம், அமெரிக்க சமோவா, வட மரியானாத் தீவுகள், போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க கன்னித் தீவுகள் எல்லாம் இதில் வரும்.

என் சண்டை 'புதுமை' என்ற சொல்லோடுதான். போர்ட்டோ ரிக்கோ மலைகளில் காப்பி காலங்காலமாக மர நிழலில்தான் வளர்ந்தது. போன நூற்றாண்டின் பிற்பகுதியில் விளைச்சல் கூடும் என்று சொல்லி, மரத்தை வெட்டி வெயிலில் காப்பி வைக்க அரசாங்கமே ஊக்கம் கொடுத்தது. அன்றைக்கு அதுதான் புதுமை. யாவ்கோ பக்கத்து மலைமண் மழையில் கரைந்து நீர்த்தேக்கங்களை ரொப்பியது. மிச்சம் குவானிகா விரிகுடாவில் பவளப்பாறைமேல் போய்ப் படிந்தது. இப்போது நிழல்மரம் நடப் பணம் தருகிறார்கள். வெட்டவும் பணம், நடவும் பணம். பழையதை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

தேனீ:
இரண்டு உண்டியலைப் போட்டுக் குழப்புகிறீர்கள் சார். நிழல்மரம் நட, வேலி போட, மண்ணை மூடிவைக்கப் பணம் தருவது ஈக்விப் என்ற வழக்கமான திட்டம். அங்கே யாரும் புதுமை கேட்பதில்லை. பட்டியலில் இருக்கிற வேலையைச் செய்தால் பணம், அவ்வளவுதான்.

சிக்கல் அந்தப் பட்டியலில்தான். ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைத்த தரவரையறை உண்டு. அதில் இல்லாத முறைக்கு, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஈக்விப் கை நீட்டாது. பெருநிலத்தில் சோளக்காட்டை மனதில் வைத்து எழுதியதைச் செங்குத்துச் சரிவில் சேம்பு போடுகிறவனிடம் நீட்டினால் அவன் என்ன செய்வான்? புதுமை மானியம் அந்தப் பட்டியலுக்குள் நுழைகிற வாசல். ஒருவர் செய்து காட்டி, அளந்து, எழுதிவைத்தால் அப்புறம் எல்லோருக்கும் திறக்கும்.

நெட்டைப்பனை:
வாசல் சரி. வாசலுக்கு வெளியே நிற்கிற வரிசையில் யார் இருக்கிறார்கள்? பல்கலைக்கழகம், தன்னார்வ நிறுவனம், விண்ணப்பம் எழுதியே பிழைக்கிற ஆலோசகர். இரண்டு ஏக்கர்க்காரரைக் காணோம்.

தேனீ:
அமெரிக்க சமோவாவின் பன்றிக் கொட்டில் கதையைச் சொல்கிறேன், அப்புறம் பேசுவோம்.

டுட்டுவிலாத் தீவில் வீட்டுக்கு வீடு பன்றி. சடங்கோ சாவோ, பன்றி இல்லாமல் நடக்காது. கொட்டில் பெரும்பாலும் ஓடையை ஒட்டி, சிமெண்டுத் தரை. தண்ணீரை அடித்துக் கழுவினால் சாணம் நேராக ஓடைக்குள். அதே ஓடையில் பிள்ளைகள் குளிக்கும். எலிக்காய்ச்சல் பயம் அங்கே சும்மா வந்ததில்லை.

அதற்கு மாற்றாக வந்ததுதான் உலர்படுக்கைக் கொட்டில். தரையைச் சரிவாகப் போட்டு மேல்பக்கம் மரச்சீவல் கொட்டிவிடுவார்கள். பன்றி நடக்க நடக்கக் குளம்பு மிதித்தே சாணமும் சீவலும் கலந்து கீழே இறங்கும். அடியில் பள்ளத்தில் சேர்ந்து மக்கி உரமாகும். கழுவத் தண்ணீர் வேண்டாம், ஓடைக்கும் எதுவும் போகாது, நாற்றமும் பெருமளவு குறையும். இன்று பசிபிக் தீவுகளில் என்ஆர்சிஎஸ்காரர்களே பரிந்துரைக்கிற முறை இது. சோதித்துப் பார்க்க யாராவது பணம் போடாமல் இது வந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
பன்றிக் கொட்டில் நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரச்சீவலுக்கு ஒரு சீவும் இயந்திரம் வேண்டும். கடல் காற்றில் அது துருப்பிடிக்கும். கத்தி உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். மானியம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும், கத்தி நாலாவது வருடம்தான் உடையும்.

அடுத்து, பணம் வருகிற விதம். இந்த மானியம் நெடுங்காலம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருந்தது: அரசு ஒரு டாலர் போட்டால் நீ ஒரு டாலர் காட்டு. அதுவும் முதலில் நீ செலவு செய், ரசீது கொடு, பிறகு திருப்பித் தருவோம். கையில் காசு இருக்கிறவன்தான் இதற்குள் நுழைய முடியும்.

தேனீ:
பழைய கணக்கிலேயே நிற்கிறீர்கள். 2018 பண்ணைச் சட்டத்தில், பண்ணையிலேயே நடத்துகிற சோதனைகளுக்கென்று வருடத்துக்கு 2.5 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள். நிறுவனம் வாங்கினாலும், புதுமுறையைச் செய்து பார்க்கிற விவசாயிக்கு அதிலிருந்து ஊக்கத்தொகை போக வேண்டும். பயிர் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கான விலை அது. ஈக்விப்பிலும் வழக்கமாக 75 சதவீதம் வரை தருகிறார்கள். புதிய விவசாயி, வருமானம் குறைந்தவர் என்றால் 90 வரை, பாதியை முன்பணமாகவும் கேட்கலாம்.

செம்மண்:
முன்பணம் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். அதை 90 நாளில் செலவழித்தாக வேண்டும். தீவுக்குக் குழாயும் வலையும் கப்பலில் வந்து சேர்வதற்குள் அதில் பாதி நாள் ஓடிவிடும்.

குவாமில் இரண்டு வருடம் இருந்தவன் நான். மானியம் பற்றிய இணையவழி விளக்கக் கூட்டத்தை வாஷிங்டனில் மதியம் 2 மணிக்கு வைப்பார்கள். கோடையில் குவாமில் அப்போது மறுநாள் விடிகாலை 4 மணி. நான் பழகிய ஒரு காய்கறி விவசாயி அலாரம் வைத்து எழுந்து, இணைப்பு அறுந்து அறுந்து வர, கடைசியில் "உங்கள் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

நிலத்துக்குக் காகிதம் என்பது அடுத்த கூத்து. ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் உன் கையில் இருக்கும் என்று காட்ட வேண்டும். அமெரிக்க சமோவாவில் பெரும்பாலான நிலம் குடும்பத்துப் பொதுச் சொத்து. மத்தாய் என்கிற குடும்பத் தலைவர் சொல்வதுதான் அங்கே பட்டா. அந்தச் சொல்லைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நெட்டைப்பனை:
இதைத்தான் நானும் சொன்னேன், ஆனால் இவ்வளவு அழகாக இல்லை.

தேனீ:
செம்மண் அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் அலுவலகக் கோளாறு. நேரத்தை மாற்றலாம், படிவத்தை மாற்றலாம். அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பீர்களா? குவாமுக்குத் தென்னைக் காண்டாமிருக வண்டு 2007இல் வந்தது, ஹவாய்க்கு 2013இல். ஹவாய்க் காப்பியில் 2010இல் காய்த்துளைப்பான், 2020இல் இலைத்துரு. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் பயிர் மதிப்பில் 80 சதவீதத்தை ஒரே நாளில் கொண்டுபோனது. இதற்கெல்லாம் தாத்தா காலத்து வைத்தியம் எங்கே இருக்கிறது? வண்டும் புதிது, துருவும் புதிது.

கணக்குப்பிள்ளை:
பூச்சி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மண் விஷயத்தில் இறங்கிவர மாட்டேன். குவாமின் தெற்கு மலைகளில் மண் அரிப்பைத் தடுக்க எதை நடுகிறார்கள் தெரியுமா? வெட்டிவேர். பெயரே நம்மிடமிருந்து போனது. பிஜியில் 1950களிலேயே கரும்புச் சரிவுகளில் வரிசை வரிசையாக வைத்துவிட்டார்கள். இதில் என்ன புதுமை வாழ்கிறது?

தேனீ:
பிஜியில் பழசு, குவாமில் புதிது. அந்த மண்ணில் பிடிக்குமா, விதை பரவிக் களையாகுமா என்று யாராவது பார்க்க வேண்டாமா? விதை பிடிக்காத சன்ஷைன் ரகத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பயத்தில்தான். வேறு கண்டத்திலிருந்து ஒரு புல்லைக் கொண்டுவந்து தீவில் இறக்குவது சின்ன விஷயமில்லை. கினிப்புல் ஹவாயில் கைவிட்ட கரும்புத் தோட்டங்களில் பரவி, காய்ந்து, தீக்கு விறகானதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
சரி, சோதனைக்குப் பணம் கொடுங்கள். ஆனால் ஒரு டாலர் சோதனைக்குப் போனால், சோதித்து முடித்ததைப் பத்துப் பேர் செய்ய ஒன்பது டாலர் போகட்டும். வருடாவருடம் புதுப்புது முன்னோடித் திட்டம் என்று நாடாவை வெட்டிவிட்டுப் போவதில்தான் எனக்கு எரிச்சல்.

தேனீ:
அந்த ஒன்பதுக்குத்தான் ஈக்விப் இருக்கிறது என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன் :)

நெட்டைப்பனை:
செம்மண், அந்த நாலு மணி விவசாயி கடைசியில் விண்ணப்பித்தாரா?

செம்மண்:
இல்லை. அவர் நிலம் ஒரு பக்கம் சரிவு, சிவப்புக் களிமண். பெருமழை வந்தால் பாத்தியோடு கிளம்பிவிடும். தெரிந்தவர் தோட்டத்தில் வெட்டிவேர் தூர் இருந்தது. இரண்டு சாக்கு வாங்கிவந்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, தூரைப் பிரித்து, குறுக்கே மூன்று வரிசை நட்டார். நானும் ஒரு வரிசை நட்டேன், கோணலாக. நான் கிளம்பும்போது வரிசைக்கு மேல்பக்கம் முழங்கால் உயரத்துக்கு மண் நின்றிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூர் கேட்டு வந்திருந்தார்.

தேனீ:
அண்ணா, எத்தனை மாதத்தில் அவ்வளவு மண், எவ்வளவு மழைக்கு என்று யாராவது குறித்துவைத்தார்களா?

செம்மண்:
இல்லை தம்பி. குறித்திருக்கலாம்.