இது கேமல்லாக்கா வீமல்லாக்கா? பாயின்டரைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம் அண்ணாமார். வேலை செய்யும் இடத்தில் ஒரு கார்டுக்கு லினக்ஸ் ட்ரைவர் எழுதுகிறேன். டிவைஸைத் திறக்கும்போது 256 கேபி பஃபரை கேவிமல்லாக்கில் (கெர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) எடுத்து, கார்ட் சிபியூ இல்லாமல் நேரே மெமரியைத் தொட (டிஎம்ஏ) வழி செய்யும் டிஎம்ஏ மேப் சிங்கிளுக்குக் கொடுக்கிறேன். இரண்டு மூன்று நாள் ஒரு பிரச்சினையும் இல்லை, அப்புறம் திடீரென்று வீமல்லாக் (மெமரி ஒதுக்கும் இன்னொரு ஃபங்ஷன்) மெமரியை மேப் செய்ய ஏலாது என்று கெர்னல் வார்னிங் போட்டுவிட்டு நிற்கிறது. போன கிழமை ஒபிஸில் கரண்ட் போய் வந்தது, அதற்குப் பிறகு தானாகவே சரி! நான் வீமல்லாக்கே கூப்பிடவில்லையே. இஸ் வீமல்லாக் அட்ரஸ் என்று ஒரு செக் போட்டேன், சிலநேரம் ஆம், சிலநேரம் இல்லை. பிரின்ட் பண்ணிப் பார்த்தால் பாயின்டரும் ஏதோ கண்டபடி இருக்கிறது. விளங்கவில்லை.

கெர்னல்கிறுக்கன்:
கரண்ட் போய் வந்ததும் சரியானது என்கிறீரே, அதிலேயே பதில் இருக்கிறது தம்பி. கேவிமல்லாக் முதலில் கேமல்லாக்கைக் கேட்கும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல், சிதறிக் கிடக்கும் பக்கங்களைச் சேர்த்துத் தரும் வீமல்லாக்குக்குப் போய்விடும். கேமல்லாக்கில் 256 கேபி என்றால் 4 கேபி பக்கங்கள் 64, அதுவும் ஃபிசிக்கல் மெமரியில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். 100ஆம் நம்பர் பஸ்ஸில், அது புறப்படும் புறக்கோட்டையில் ஏறினால் ஆறு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், நடுவழியில் வெள்ளவத்தையில் ஏறினால் ஆறு சீட் காலியாக இருந்தாலும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பூட் ஆன புதிதில் உமக்குப் புறக்கோட்டை பஸ்.

கேமல்லாக் தருவது டைரக்ட் மேப் அட்ரஸ், ஒரு கழித்தல் கணக்கில் ஃபிசிக்கல் அட்ரஸ் வந்துவிடும். டிஎம்ஏ மேப் சிங்கிள் அந்தக் கணக்கைத்தான் நம்பியிருக்கிறது. வீமல்லாக் அட்ரஸில் அது செல்லாது, பேஜ் டேபிளைப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும்.

பாயின்டர் கண்டபடி தெரிவது, கெர்னல் 4.15இலிருந்து, பிரின்டில் சதவீதக் குறியும் பி-யும் போட்டால் கெர்னல் ஹேஷ் பண்ணி, அதாவது உண்மை அட்ரஸை மறைத்துக் காட்டுவதால். டெஸ்டுக்கு மட்டும் பி-க்குப் பின்னால் எக்ஸ் சேர்த்துப் பாரும். 64 பிட் எக்ஸ்86இல், நாலு லெவல் பேஜிங் என்றால், நாலு எஃபுக்குப் பிறகு 888 வந்தால் டைரக்ட் மேப், சி90 வந்தால் வீமல்லாக். கேஏஎஸ்எல்ஆர் (பூட்டுக்குப் பூட்டு அட்ரஸ்களை மாற்றும் பாதுகாப்பு) இந்த எல்லைகளை நகர்த்திவிடும், அதை நிறுத்திப் பூட் பண்ணும்.

பழைய_ஸ்டாக்:
மேலே சொன்னது சரி, ஆனால் அந்த இஸ் வீமல்லாக் அட்ரஸ் செக்கை ட்ரைவரில் விட்டுவைக்காதீர்கள். அது இரண்டு எல்லைக்கு நடுவில் அட்ரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், அந்த மெமரி இன்னும் உங்களுடையதா, ஃப்ரீ ஆகிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் கேவிஃப்ரீ அந்தச் செக்கைப் பாவிக்கிறது என்றால் எந்த ஃப்ரீயைக் கூப்பிடுவது என்பது மட்டும்தான் அதன் கேள்வி. உங்கள் பஃபரை எடுத்தது நீங்களே, பிறகு ஏன் பாயின்டரிடம் போய் நீ யார் என்று கேட்க வேண்டும்? ட்ரைவர் டிவைஸோடு சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனிலேயே டிஎம்ஏ அலாக் கோஹெரன்ட்டில் (டிஎம்ஏவுக்கென்றே மெமரி தரும் ஃபங்ஷன்) எடுத்து வைத்துவிடுங்கள். கட்டாயம் வீமல்லாக்தான் என்றால் பக்கம் பக்கமாக ஸ்காட்டர் லிஸ்ட் (சிதறிய பக்கங்களின் பட்டியல்) கட்ட வேண்டும், அது தலையிடி.

நான் வாங்கிய அடி வேறு. ஒரு யூஎஸ்பி ட்ரைவரில் 8 பைட் கமாண்ட் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள் இருக்கும் இடம்) இருந்தது, வருடக்கணக்கில் ஓடியது. கெர்னல் 4.9இல் எக்ஸ்86 64 பிட் கெர்னல் ஸ்டாக்கையே வீமல்லாக் பகுதிக்குக் கொண்டுபோனார்கள், அன்றோடு சரி. டீபக் வெர்ச்சுவல் (அட்ரஸ் மாற்றங்களைச் சரிபார்க்கும்) கான்ஃபிக்கைப் போட்டுக் கெர்னலைக் கட்டியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும், போடாவிட்டால் அந்தக் காலக் கெர்னல் பிழையான ஃபிசிக்கல் அட்ரஸ் ஒன்றைக் கணக்குப் போட்டுத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இரண்டு இரவு தூக்கம் போனது.

வெள்ளவத்தைப் பொடியன்:
சி90தான் அண்ணா! ப்ரோப்புக்கு மாற்றிவிட்டேன், நாளைக்குத்தான் டெஸ்ட். ஆனால் இப்போது ஃபைலைத் திரும்பப் பார்த்தால் 64 பைட் கமாண்ட் பஃபர் ஒன்று ஃபங்ஷனுக்குள் லோக்கல் அரேயாக நிற்கிறது, அதையும் மேப் பண்ணுகிறேன். இது இவ்வளவு நாளும் எப்படி ஓடியது?

பழைய_ஸ்டாக்:
உங்கள் கெர்னல் கான்ஃபிக்கில் விமேப் ஸ்டாக் (ஸ்டாக்கை வீமல்லாக் பகுதியில் வைக்கும் ஆப்ஷன்) நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அதைக் கேமல்லாக்குக்கு மாற்றுங்கள், தனியாக. வேறு ஸ்ட்ரக்சருக்குள் நடுவில் வைத்தால் ஒரே கேஷ் லைனில் (சிபியூ கேஷ் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) பக்கத்து ஃபீல்டோடு அடிபடும், எக்ஸ்86இல் தெரியாது, ஆர்ம் போர்டில் தெரியும்.