மால்டி-டாஃபில் ஈ. கோலை வருகிறது, ஸ்டாஃபும் கேண்டிடாவும் வரவில்லை. உதவுங்கள்

பிஜி_மைக்ரோ: வணக்கம். எங்கள் லேபில் மால்டி-டாஃப் மெஷினில் (புரதங்களின் எடையை வைத்துக் கிருமி எது என்று சொல்லும் கருவி) இப்போதுதான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஈ. கோலை, க்ளெப்சியெல்லா எல்லாம் 2.2, 2.3 என்று ஸ்கோர் வந்துவிடுகிறது (பொதுவாக 2-க்கு மேல் என்றால் நம்பலாம்). ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா) 1.6-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, கேண்டிடா ஈஸ்டுக்குப் பீக்கே விழவில்லை. காலனியை டூத்பிக்கால் எடுத்து மெஷின் தட்டின் ஸ்பாட்டில் தேய்த்து, மேலே 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ் (லேசரை உறிஞ்சிப் புரதங்களைப் பறக்க வைக்கும் கரைசல்) விட்டு, காய்ந்ததும் உள்ளே வைக்கிறேன். காலிப்ரேஷன் பாஸ். லேசர் போய்விட்டதா? சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடவா?

லேப்_அண்ணன்: கூப்பிட வேண்டாம் தம்பி, ஈ. கோலை ஒழுங்காக வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அது பார்ப்பது 2,000 முதல் 20,000 டால்டன் வரையுள்ள புரதங்களை, பெரும்பாலும் ரைபோசோம் புரதங்கள். செல் உடைந்து அவை வெளியே வந்தால்தானே பறக்கும்? ஈ. கோலை மாதிரி மெல்லிய சுவருள்ள கிராம் நெகட்டிவை மேட்ரிக்ஸில் உள்ள அமிலமும் அசிட்டோநைட்ரைலுமே உடைத்துவிடும், ஸ்டாஃபின் தடித்த சுவருக்குப் பல நேரம் அது போதாது. தேய்த்ததன் மேல் முதலில் 70% ஃபார்மிக் அமிலம் 1 மைக்ரோலிட்டர், காய விடுங்கள், அப்புறம் மேட்ரிக்ஸ். ஃப்யூம் ஹுட்டில், கையுறையோடு. அப்புறம், அப்பிவிடாதீர்கள். ஸ்பாட் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தாலே அதிகம், லேசாக மங்கினால் போதும்.

ஈஸ்ட்_பிரியை: கேண்டிடாவுக்கு இதுவும் போதாமல் போகலாம். 300 மைக்ரோலிட்டர் தண்ணீரில் காலனியைக் கலக்கி, 900 எத்தனால் சேர்த்துச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். எத்தனாலை முழுக்க வடித்துக் காய வைத்து, 70% ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் சம அளவு விட்டு மறுபடி சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் 1 மைக்ரோலிட்டரை ஸ்பாட்டில் விடுங்கள். எத்தனால் மிச்சம் இருந்தால் ஃபார்மிக் அமிலம் நீர்த்துப்போகும். நேரம் பிடிக்கும் வேலைதான், வேறு வழியில்லை. லைப்ரரி (மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்பு) பழையதா என்றும் பாருங்கள், பழைய லைப்ரரிக்குக் கேண்டிடா ஆரிஸைத் தெரியாது.

பிஜி_மைக்ரோ: அண்ணா, ஸ்டாஃப் ஆரியஸ் 2.1! மேடம் சொன்னதை நாளைக்குச் செய்கிறேன். இன்னொன்று, ஒரு சளி கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே 2.05 காட்டுகிறது. ரிப்போர்ட் கொடுத்துவிடலாமா?

லேப்_அண்ணன்: ஐயோ, அவசரப்படாதீர்கள். அதன் நெருங்கிய உறவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் கூட்டத்தின் புரதங்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான், 2-க்கு மேல் வந்தாலும் ஆள் மாறிவிடும். ஆப்டோச்சின் டிஸ்க் (நிமோனியே வளர்வதைத் தடுக்கும் மருந்து வில்லை) வையுங்கள், பைல் (பித்த உப்பு) கரைதிறனும் பாருங்கள். ஷிகெல்லாவிலும் இதே தொல்லை, மெஷின் அதை ஈ. கோலை என்றே சொல்லும். மலக் கல்ச்சரில், மெக்கான்கி அகார் தட்டில் நிறமில்லாத காலனி ஈ. கோலை என்று வந்தால், பயோகெமிக்கலும் ஆன்டிசீரமும் போடாமல் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.