ரஸ்ட் கன்வர்ட்டர்: ‘துருநீக்கி’ என்ற சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார்களின் தகரத் துருவை வீட்டிலேயே சரிசெய்வது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தொகுத்து வருகிறோம். ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. ரஸ்ட் ரிமூவர், ரஸ்ட் கன்வர்ட்டர், ரஸ்ட் இன்ஹிபிட்டர் மூன்றையும் ‘துருநீக்கி’ என்றே எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் முதலாவதைப் பூசினால் கழுவியே ஆக வேண்டும். இரண்டாவது துருவை இருந்த இடத்திலேயே வேறு பொருளாக்குவது; அதைப் பூசினால் கழுவவே கூடாது. மூன்றாவது துருவைத் தொடுவதே இல்லை; இனி வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

சொல் ஒன்றாக இருப்பதால் தகரம்தான் கெடுகிறது. கழுவ வேண்டிய அமிலத்தைக் கழுவாமல் விட்டு அதன்மேல் எபாக்சி பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால், தகரத்தை ஒட்டிய அடிப்பகுதி சரியாக இறுகாது. எபாக்சியை இறுகவைக்கும் அமீனை மிச்ச அமிலம் பிடித்துக்கொள்வதே காரணம். சில மாதத்தில் பிரைமர் தோல்போல உரிந்து வரும். மாறாக, கன்வர்ட்டரைப் பூசிவிட்டு ‘நீக்கிதானே’ என்று தண்ணீர் விட்டால், அதிலுள்ள இறுகாத பிசின் கரைந்து ஓடிவிடும். துரு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ரிமூவருக்குத் துருநீக்கி என்பதே இருக்கட்டும். இன்ஹிபிட்டருக்குத் துருத்தடுப்பி. கன்வர்ட்டருக்குத் ‘துருமாற்றி’ என்று முன்வைக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> கன்வர்ட்டருக்குத் ‘துருமாற்றி’ என்று முன்வைக்கிறேன்.

வணக்கம். எனக்கு ஒரு தயக்கம். ‘டயர் மாற்றினேன்’ என்றால் பழையதைக் கழற்றிப் புதியது போட்டேன் என்று பொருள். துருமாற்றி என்று கேட்பவர், துருவை எடுத்துவிட்டு வேறெதையோ வைக்கும் பொருள் என்று நினைக்க மாட்டாரா?

இன்னொன்று. எங்கள் ஈழத்து வழக்கில் இது கறள். இரும்பு கறள் பிடித்தது, கறள் கட்டியது என்போம். துரு என்றாலும் விளங்கும். ஆனாலும் பட்டியலில் ‘துரு, கறள்’ என இரண்டையும் தலைச்சொல்லாகக் கொடுத்தால் தேடுகிறவருக்கு உதவும். களிம்பு என்பதை இங்கே கலக்க வேண்டாம். அது செம்புக்கும் பித்தளைக்கும் உரியது.

* * *

> துருவை எடுத்துவிட்டு வேறெதையோ வைக்கும் பொருள் என்று நினைக்க மாட்டாரா?

இந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. நம்மிடம் இதற்கு நெருங்கிய ஒரு வினை ஏற்கெனவே இருக்கிறது: கடுக்காய் மை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்ந்தால் முதலில் வெளுத்த நிறம். காற்றுப் படப்படக் கருத்துப்போகும். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் (டானின்) இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மம் ஆகிறது. டானிக் அமிலக் கன்வர்ட்டர் தகரத்தில் நடத்துவதும் இதே வினைதான்: பழுப்புத் துரு, இரும்பு டானேட் எனும் கரிய பொருளாகிறது. கூடவே இருக்கும் பிசின் அதைப் படலமாகக் கட்டிவைக்கிறது.

ஆகவே இரண்டு பரிந்துரை: ‘துருத்துவர்ப்பி’ அல்லது ‘துருக்கருக்கி’. பூசிய இடம் கண்ணெதிரே கருப்பதால் இரண்டாவது எளிதில் மனத்தில் நிற்கும்.

* * *

ஐயா, கடுக்காய் ஒப்புமை மிக நன்று. கையேட்டின் விளக்கப் பகுதியில் அது கட்டாயம் வர வேண்டும். சொல்லாக ஏற்கத்தான் இரண்டு தடை.

கன்வர்ட்டர் எல்லாம் டானிக் அமிலம் இல்லை. பாஸ்பாரிக் அமிலத்தில் செய்தவை உண்டு. அவை துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கும். அந்தப் படலம் சாம்பல் நிறமாகவோ வெளுத்த தூளாகவோ இருக்கும். இரண்டும் கலந்தவையும் உண்டு. ‘துவர்ப்பி’ என்றால் பாதிக்குப் பொருந்தாது. ‘கருக்கி’ என்றால் சாம்பல் நிறத்தைப் பார்த்தவர் வேலை செய்யவில்லை என்று திரும்பவும் பூசுவார். கருக்குதல் என்றவுடன் தீ நினைவுக்கு வருவதும் நல்லதல்ல. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நடக்கும் வேலை இது.

பாஸ்பாரிக் அமிலத்தையே பாருங்கள். நனைய நனையத் தேய்த்து, துரு கரைந்ததும் கழுவிவிட்டால் அது நீக்கி. மெல்லிதாகப் பூசி அப்படியே உலரவிட்டால் மாற்றி. ஒரே அமிலம், இரண்டு வேலை. ஆகவே பெயர் வேதிப்பொருளைச் சொல்லாமல், பூசிய பிறகு துரு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர் அடுத்துத் தண்ணீர்க் குழாயைத் திறக்கலாமா கூடாதா என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

‘மாற்றி’ பற்றிய ஐயத்துக்கு மின்மாற்றியைச் சொல்வேன். அதைக் கேட்டு யாரும் மின்சாரத்தை எடுத்துவிட்டு வேறெதையோ வைப்பதாக நினைப்பதில்லை. உள்ளே போவதும் மின்சாரம், வெளியே வருவதும் மின்சாரம். துருமாற்றியிலும் துரு போய்விடுவதில்லை. இருந்த இடத்திலேயே வேறொன்றாகிறது.

* * *

> துருமாற்றியிலும் துரு போய்விடுவதில்லை. இருந்த இடத்திலேயே வேறொன்றாகிறது.

வணக்கம். டிங்கரிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். துருமாற்றி என்பதையே ஆதரிக்கிறேன். ஆனால் இந்தச் சொல் சரியாக நிற்க, அது எந்தத் துருவுக்கு என்று சொல்ல வேறு சில சொற்களும் கூடவே வேண்டும். துருவில் மூன்று நிலை உண்டு. பட்டியலில் மூன்றும் இல்லை.

மேல்துரு: விரலில் செம்பொடியாக ஒட்டும், தகரத்தின் கனம் குறைந்திருக்காது. பொருக்குத்துரு: புண் காய்ந்த பொருக்குபோல அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; பெயிண்ட் கொப்புளிப்பதும், இரண்டு தகடு சேரும் மடிப்பு விரிந்துகொள்வதும் அதனால்தான். மூன்றாவது பொத்தல். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போய்விடும்.

துருமாற்றி மேல்துருவுக்கும், பொருக்கைத் தட்டிய பிறகு குழிகளில் மிஞ்சும் துருவுக்கும் மட்டுமே. பொருக்கின் மேலேயே பூசினால் என்ன ஆகும் என்பதை ஒரு பிளேடு வைத்துப் பார்த்துவிடலாம். மறுநாள் கருப்பாக, இறுகி, வேலை முடிந்ததுபோலவே இருக்கும். ஓரத்தில் பிளேடைக் கொடுத்து நெம்பினால் ஒரு செதில் எழும்பும். மேல்முகம் கருப்பு, அடிமுகம் மாறாத ஆரஞ்சுத் துருத்தூள். மருந்து மேலடுக்கோடு நின்றுவிட்டது. கீழே ஈரமும் உப்பும் சேர்ந்து தம் வேலையைத் தொடர்கின்றன. வீட்டில் செய்யும் துரு வேலை தோற்பதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

எனவே முறை இப்படி வர வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கணும். பொருக்கைச் சுத்தியலின் கூர்முனையாலும் சுரண்டியாலும் தட்டி எடுக்கணும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கும்போது ஓர் ஏமாற்று நடக்கும்: துரு போகாமல் பாலிஷ் ஏறி, கரும்பழுப்பாகப் பளபளக்கும், அதை இரும்பு என்று நினைத்துவிடுவோம். அதன்மேல் 80 எண் உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்தால் உண்மை தெரியும். இரும்பு வெள்ளையாக மின்னும், துரு கருத்த புள்ளிகளாக நிற்கும். பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி உப்பைப் போக்கி, ஹீட் கன் காட்டி உலர்த்தணும்.

துருமாற்றியைத் தேவையான அளவு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளணும். பிரஷை நேராக டப்பாவில் முக்கினால் துருத்தூள் உள்ளே போய், மிச்ச மருந்து முழுவதும் டப்பாவுக்குள்ளேயே கருத்துக் கட்டியாகிவிடும். கிண்ணத்தில் மிஞ்சியதையும் திரும்ப ஊற்றக் கூடாது. மெல்லிய கோட் ஒன்று. அரைமணிக்குள் நிறம் மாறத் தொடங்கும். அது தொட்டால் ஒட்டாத அளவு உலர்ந்ததும் இரண்டாவது கோட். பிறகு ஒருநாள் முழுக்க விட்டுவிடணும். சுடுவெயிலில் தகரம் கொதிக்கும்போது பூசினால் வினை முடியுமுன் காய்ந்துவிடும்.

துருவே இல்லாத வெள்ளை இரும்பில் பூசிப் பயனில்லை. மாற்றுவதற்குத் துரு இல்லாததால் வெறும் பிசின் படலமாக நின்று பின்னால் உரியும். இதைச் சொல்ல ‘துருமாற்றி’ போன்ற பொருத்தமான பெயர் வேறில்லை: துரு இருந்தால்தானே மாற்ற முடியும்?

பொத்தலுக்கு எந்த மருந்தும் கிடையாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்துத் தகடு வைத்து வெல்டிங்தான். வெளித்தகரம் பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மி.மீ.; மிக் வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி போதும். நீளக் கோடாக ஓட்டினால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். ஒரு டாக் (புள்ளிப் பற்று), தள்ளி இன்னொரு டாக், இடையில் ஆறவிட்டு ஆறவிட்டு நிரப்பணும். தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடணும். வெல்டிங் படும் ஓரத்தில் இரண்டரை செ.மீ. அளவுக்குத் துருமாற்றி இருக்கக் கூடாது. படலம் எரிந்து புகையும், பற்றில் ஊசித்துளை விழும். பொத்தலின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடுவதைக் கையேடு தடுத்தே எழுத வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருந்தால் அங்கிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

* * *

> பட்டி ஈரத்தை உறிஞ்சும்

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். துருமாற்றிப் படலத்தின்மேல் நேராகப் பட்டி வைக்கக் கூடாது. பாலியெஸ்டர் பட்டியிலுள்ள ஸ்டைரீன் அந்தப் பிசினை இளக்கிவிடும். நடுவே எபாக்சி பிரைமர் வேண்டும். அது இறுகியபின் பட்டி, அதுவும் 3 மி.மீ.க்குள். பட்டியை இறுகவைக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 விழுக்காடு.

எனக்கு ஒரு கேள்வி. அமிலத்தில் போட்டு எடுத்த கீல், பிராக்கெட் போன்றவற்றைக் கழுவியதும் நிமிடக்கணக்கில் மெல்லிய ஆரஞ்சு நிறம் படருமே, ஆங்கிலத்தில் ஃபிளாஷ் ரஸ்ட் என்பது. அதற்கு என்ன சொல்? ‘மின்னல்துரு’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அது நேர் பெயர்ப்பு. கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

* * *

அக்கா, பட்டறையில் ‘துரு பூத்துடுச்சு’ என்றுதானே சொல்கிறோம்? அதையே எடுத்துப் ‘பூந்துரு’ என்று வைக்கலாம். சுவரில் உப்புப் பூப்பதுபோல மேலோடு நிற்பது என்ற பொருளும் கிடைக்கும்.

பூந்துரு வராமல் தடுக்கும் வழியும் பதிவில் வரட்டும். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம் போட்டுச் சின்னப் பாகங்களை ஊறவைத்தால் சில மணி நேரத்தில் துரு இளகும். அளவுக்கு மீறி ஊறினால் நல்ல இரும்பையும் அரிக்கும். அடிக்கடி எடுத்துப் பார்க்கணும். ஸ்பிரிங், உயர்வலு போல்ட் ஆகியவற்றை அமிலத்தில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறியவைக்கும். எடுத்ததும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, பிறகு கொதிக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் முக்கி எடுத்தால் அந்தச் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். அன்றைக்கே பிரைமர். அப்படியும் பூத்தால் உப்புத்தாளால் லேசாகத் துடைத்தால் போதும், துருமாற்றி தேவையில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் ஏறும் வடிவம் கீழே.

துரு, கறள்: இரண்டும் தலைச்சொல். கூட்டுச்சொற்களில் துரு.

துருநீக்கி: துருவைக் கரைத்து எடுப்பது. பூசியபின் கழுவ வேண்டும். கீழே வெற்று இரும்பு மிஞ்சும்.

துருமாற்றி: ஒட்டியிருக்கும் துருவை அங்கேயே நிலையான சேர்மமாக்குவது. கழுவக் கூடாது. பொருக்கின் மேலும் வெற்று இரும்பின் மேலும் பயன்படாது. கடுக்காய் மை விளக்கம் இங்கே.

துருத்தடுப்பி: ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாமல் காப்பது. கதவுக்குக் கீழுள்ள பெட்டிச்சட்டம்போல பிரஷ் போகாத பொந்துகளில், வெல்டிங்கும் பெயிண்ட்டும் முடிந்தபின் நீளக் குழாய் வழியே தெளிக்கும் மெழுகும் இதில் அடங்கும்.

மேல்துரு, பொருக்குத்துரு, பொத்தல், பூந்துரு: மேலே வந்த பொருளிலேயே.

நீக்கி, மாற்றி இரண்டுக்கும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும் என்பதைச் சேர்த்துவிட்டேன். விடுபட்டது ஏதும் உண்டா?

* * *

ஒன்று உண்டு. துருத்தடுப்பிப் பதிவில், மெழுகு தெளித்து முடித்ததும் பெட்டிச்சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மெழுகு அடைத்துக்கொண்டால் உள்ளே புகுந்த மழைத்தண்ணீருக்கு வெளியேற வழியிருக்காது. பொத்தல் அடியிலிருந்தே தொடங்கும்.